பெங்களூரு மாணவர் பாதுகாப்பு அறிவியல் மாநாடு: தமிழ்நாட்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடக்கும் பல்லுயிர்ப் பாதுகாப்பு மாநாட்டைப் பற்றி விலங்கியல், தாவரவியல், வனவியல் படிக்கும் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சில கேள்விகள் கேட்கிறார்கள். சில கேள்விகள் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் வருகின்றன. பதில்களை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். தேதி, கட்டணம், கடைசி நாள் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும்.

இது என்ன மாநாடு? யார் நடத்துகிறார்கள்?

முழுப்பெயர் மாணவர் பாதுகாப்பு அறிவியல் மாநாடு. பாதுகாப்பு என்றால் இங்கே பல்லுயிர்ப் பாதுகாப்பு. ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எஸ்.சி.சி.எஸ். என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2000-ல் முதலில் தொடங்கியது. அதன் தங்கை மாநாடாக 2010 முதல் பெங்களூருவில் நடக்கிறது. நியூயார்க், ஆஸ்திரேலியா, ஹங்கேரி, சீனா என்று வேறு இடங்களிலும் தங்கை மாநாடுகள் நடந்ததுண்டு.

பெங்களூரு மாநாட்டை ஒரே நிறுவனம் நடத்துவதில்லை. இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், சூழலியல் ஆய்வு நிறுவனமான ஏட்ரி, மைசூருவின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான என்.சி.எஃப். போன்ற பல அமைப்புகள் சேர்ந்து நடத்துகின்றன. இடம் கொடுப்பது அறிவியல் கழகம். பெரும்பாலும் செப்டம்பரை ஒட்டி நடக்கும். கொரோனா காலத்தில் இணையவழிக்குப் போனது.

மாநாடு என்றால் ஹோட்டலில் நடத்தலாமே, ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் எதற்கு?

மண்டபம் எங்கும் கிடைக்கும். முப்பது நாற்பது ஆண்டு ஆய்வு ஓடிக்கொண்டிருக்கிற இடம் அப்படிக் கிடைக்காது.

இந்திய அறிவியல் கழகம் 1909-ல் தொடங்கியது. பெயரில் ‘பல்கலைக்கழகம்’ இல்லையே என்று சிலர் கேட்பார்கள். 1958-லேயே அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. அங்கே 1983-ல் சூழலியலாளர் மாதவ் காட்கில் சூழலியல் மையத்தைத் தொடங்கினார். அந்த மையத்தின் கதையில் பாதி தமிழ்நாட்டுக் காடுகளில் நடந்தது என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. யானை ஆய்வில் உலகப் பெயர் பெற்ற ராமன் சுகுமார் தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு நடந்து திரிந்தது சத்தியமங்கலம், சாம்ராஜ்நகர் காடுகளில்தான். யானை ஏன் வயலுக்கு வருகிறது என்ற கேள்வியை ஊர்க்காரர் புலம்பலாக விட்டுவிடாமல், எந்த மாதம், எந்தப் பயிர், ஆண் யானையா கூட்டமா என்று எண்ணிப் பார்த்த வேலை அது.

முதுமலையில் இந்த மையம் 1988-ல் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து வைத்தது. ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலம். அதற்குள் மார்பு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் தாண்டிய ஒவ்வொரு மரத்துக்கும் எண் பொறித்த தகடு. முதல் கணக்கெடுப்பில் 25,000-க்கும் மேல் வந்தது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் போய் எது செத்தது, எது புதிதாக வந்தது, எதை யானை ஒடித்தது, எதைத் தீ தின்றது என்று குறித்துக்கொண்டே இருக்கிறார்கள். கைடியா கலிசினா என்ற மரம் தொடக்கத்தில் அங்கே ஏராளம். யானை பட்டை உரித்தும் கிளை ஒடித்தும், தீயும் சேர்ந்துகொண்டு, அதன் எண்ணிக்கை அடியோடு சரிந்தது. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இது தெரியவே தெரியாது. இப்படி வேலை செய்தவர்கள், உங்கள் ஆய்வைச் சுருக்கிச் சுவரில் மாட்டிய போஸ்டருக்கு எதிரில் நின்று ‘எத்தனை ஆண்டுத் தரவு?’ என்று கேட்பதுதான் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் மாநாடு நடப்பதன் பயன்.

யாரெல்லாம் கலந்துகொள்ளலாம்?

முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள், ஆய்வுக்குப் புதிதாக வந்தவர்கள். இந்தியா மட்டுமல்லாமல் தெற்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருவார்கள். மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, ஊட்டி அரசுக் கலைக் கல்லூரி போன்ற இடங்களில் படிப்பவர்களுக்கு இது கைக்கெட்டும் தூரம். பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்க மட்டும் போகலாம். முதல் தடவை அப்படிப் போவது நல்லது என்றே சொல்வேன்.

நான் படித்தது சமூகவியல். இடம் உண்டா?

உண்டு. காட்டோரம் வாழ்கிறவர்கள், வன உரிமை, மீனவர், மேய்ச்சல், சட்டம் எல்லாம் பேசப்படும். பாதுகாப்பு அறிவியல் தொடங்கும்போதே கலப்புத் துறையாகத்தான் தொடங்கியது. அமெரிக்காவில் உயிரியலாளர் மைக்கேல் சூலே 1978-ல் இதற்கான முதல் மாநாட்டைச் சான் டியேகோவில் கூட்டினார். 1985-ல் எழுதிய கட்டுரையில் இதை ‘நெருக்கடித் துறை’ என்றார். முழு விவரமும் கையில் வரும் முன்பே முடிவெடுத்தாக வேண்டிய துறை என்று பொருள். அப்படிப்பட்ட முடிவை விலங்கியல் படித்தவர் மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்ச் சரணாலயங்களின் ஓரத்து கிராமங்களில் கேட்டால் சொல்வார்கள்.

ஆய்வுச் சுருக்கம் எழுதுவது எப்படி? போன தடவை நிராகரித்துவிட்டார்கள்.

பேசவோ போஸ்டர் வைக்கவோ இடம் கேட்டு முன்கூட்டியே அனுப்புவதுதான் சுருக்கம். நிராகரிக்கப்படும் சுருக்கங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி தொடங்கும். ‘இந்தியா பல்லுயிர் வளம் மிக்க நாடு. மேற்குத் தொடர்ச்சி மலை உலகின் முக்கியமான பல்லுயிர் மையங்களில் ஒன்று...’ படித்துப் பார்ப்பவருக்கு இது முன்பே தெரியும். உங்களுக்குக் கிடைத்திருப்பது இருநூற்றைம்பது, முந்நூறு சொல். அதில் எண்பதை இப்படிச் செலவழித்தால் மிச்சம் எதற்குப் போதும்?

தலைப்பிலிருந்தே வேலையைத் தொடங்குங்கள். ‘வால்பாறைத் தவளைகள் பற்றிய ஓர் ஆய்வு’ என்று வைத்துக்கொள்வோம். இதில் கேள்வியே இல்லை. ‘தேயிலைத் தோட்டத்து ஓடைகளில் கரையோர மரங்களை விட்டுவைத்தால் தவளை இனங்கள் கூடுகின்றனவா?’ என்று மாற்றிப் பாருங்கள். எங்கே, எதை எதோடு ஒப்பிட்டீர்கள், யாருக்கு அதனால் பயன் என்று மூன்றும் தெரிகிறது. தோட்ட மேலாளர்கூட நின்று படிப்பார்.

அதன்பிறகு வரிசை எளிது. கேள்வி இரண்டு வரி. எத்தனை ஓடை, எத்தனை இரவு, எப்படி எண்ணினீர்கள் என்பது மூன்று வரி. கிடைத்தது நான்கு வரி, அதில் கட்டாயம் எண்கள். கடைசியில் அதனால் என்ன செய்யலாம் என்று ஒரு வரி. ‘முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தரவு இன்னும் கைக்கு வரவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம், தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

கைடு பெயர் போட்டால் போதும், படித்துப் பார்க்க நேரமில்லை என்பார் என்றால், சீனியர் ஒருவரிடமாவது கொடுத்துத் திருத்தி வாங்குங்கள்.

மேடையில் பேசுவதா, போஸ்டரா? போஸ்டர் என்றால் மட்டம் என்கிறார்களே?

யார் சொன்னது? மேடை உரை பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு கேள்விக்கு நேரம் இருந்தால் அதிகம். போஸ்டர் பக்கத்தில் நீங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பீர்கள். உங்கள் விலங்கிலேயே வேலை செய்கிற ஒருவர் தேடி வந்து அரை மணி நேரம் பேசுவார். அடுத்த வேலை, பி.எச்டி. இடம், கூட்டு ஆய்வு பலவும் அங்கேதான் முளைக்கின்றன.

நம் பிள்ளைகள் போஸ்டரில் செய்வது ஒன்று உண்டு. ஆய்வறிக்கையின் பக்கங்களை அப்படியே சுருக்கி ஒட்டிவிடுவார்கள். பன்னிரண்டு புள்ளி எழுத்து, எட்டு அட்டவணை, மேலே கல்லூரிச் சின்னம் இரண்டு பக்கமும், நடுவில் கல்யாண பேனர் மாதிரி பூ வேலைப்பாடு. இரண்டடி தள்ளி நின்றால் ஒன்றும் படிக்க முடியாது. ஒரு பெரிய படம், ஒரு வரைபடம், ஒரு முக்கிய வாக்கியம் போதும். அந்த வாக்கியம் தலைப்பைவிடப் பெரிதாக இருந்தாலும் தப்பில்லை. மிச்சத்தை நீங்கள் வாயால் சொல்லத்தானே அங்கே நிற்கிறீர்கள். ‘இதைப் பற்றி ரெண்டு நிமிஷத்தில் சொல்’ என்று யாராவது கேட்டால் தயாராக இருக்க, விடுதி அறையில் நண்பனை நிறுத்தி வைத்துப் பேசிப் பாருங்கள்.

அப்புறம், ஃப்ளெக்ஸில் அடிக்க வேண்டாம். பல்லுயிர்ப் பாதுகாப்பு மாநாட்டுக்கு பி.வி.சி. ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு போவது பார்க்க நன்றாக இருக்காது. தாளிலோ துணியிலோ அடிக்கலாம். துணி என்றால் மடித்துப் பையிலேயே வைத்துவிடலாம், பஸ்ஸில் குழாயைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

ஆங்கிலம் தடுமாறும். சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் தடை இல்லவே இல்லை என்று சொன்னால் அது பொய். பல்லுயிர்ப் பாதுகாப்பு பற்றி 2014-ல் வெளியான ஆவணங்களை ஆராய்ச்சியாளர்கள் தேடி எண்ணியபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழிகளில் இருந்தது தெரியவந்தது. ஆங்கில மேடையில் ஏறாத அறிவு அவ்வளவு இருக்கிறது. உங்கள் ஆங்கிலம் தடுமாறுவது உங்கள் ஆய்வின் குறை அல்ல.

நடைமுறைக்கு வருவோம். முதல் மூன்று வாக்கியங்களையும் கடைசி இரண்டையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். நடுவில் படங்களே உங்களை இழுத்துக்கொண்டு போகும். கேள்வி புரியாவிட்டால் ‘கொஞ்சம் மெதுவாகத் திரும்பச் சொல்ல முடியுமா’ என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம், வெளிநாட்டு மாணவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லலாம். அரங்கில் தமிழ் தெரிந்தவர்கள் நிறையவே இருப்பார்கள். போஸ்டர் பக்கம் தமிழிலேயே பேசி முடித்த உரையாடல்கள் ஏராளம்.

செலவு?

பதிவுக் கட்டணம் மாணவர்களுக்குக் குறைவு. தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களுக்குப் பயணத்துக்கும் தங்குவதற்கும் உதவித்தொகை உண்டு. விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்க வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது. ரயிலில் வருகிறவர்களுக்கு யஷ்வந்த்பூர் நிலையம் வளாகத்துக்குப் பக்கம். எல்லா வண்டியும் அங்கே நிற்காது, பார்த்து ஏறுங்கள்.

வனத்துறை அனுமதி வாங்காமல் செய்த ஆய்வைக் காட்டலாமா?

இடத்தைப் பொறுத்தது. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்றால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் உள்ளே போய் எடுத்த தரவை மேடையில் காட்டுவது உங்களை நீங்களே மாட்டிவிடுவது. ஊர்க் குளத்தில், வயல்வெளியில் பறவை எண்ணுவதற்கு அது வேண்டியதில்லை. ஆனால் எந்த இடமானாலும் சட்டப் பட்டியலில் உள்ள விலங்கைப் பிடிப்பதென்றால் அனுமதி உண்டா என்று கேட்பார்கள்.

வெளிநாட்டினர் முன்னால் முடிவுகளைச் சொன்னால் 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தில் சிக்கலா என்றும் கேட்கிறார்கள். ஆய்வு முடிவுகளை வெளிநாட்டினருக்குக் கைமாற்ற, சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அரசு வழிகாட்டுதலுக்கு உட்பட்டுக் கட்டுரை வெளியிடுவதையும் கருத்தரங்கில் பேசுவதையும் அந்தச் சட்டமே கைமாற்றமாகக் கருதுவதில்லை. மாதிரிகளைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது வேறு கதை. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஜி.பி.எஸ். புள்ளிகளை வரைபடத்தில் போடலாமா?

அரிய உயிரினம் என்றால் போடாதீர்கள். தென் சீனாவில் ஒரு குகைப் பல்லியை 1999-ல் புதிய இனமாக விவரித்து, கிடைத்த இடத்தையும் எழுதினார்கள். செல்லப்பிராணி வியாபாரத்துக்குப் பிடிப்பவர்கள் அந்த இடத்துக்கே போனார்கள். சில ஆண்டுகளில் அங்கே அந்தப் பல்லி ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. நட்சத்திர ஆமை, டாரன்டுலா சிலந்தி, ஆர்க்கிட் எதுவானாலும் மாவட்டம் அளவில் சொன்னால் போதும். போஸ்டரை யார் வேண்டுமானாலும் செல்போனில் படம் எடுப்பார்கள்.

இவ்வளவு மாநாடு நடக்கிறதே, ஓர் உயிரினமாவது அதனால் பிழைத்திருக்கிறதா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. மாநாடு மட்டும் எதையும் காப்பாற்றாது. ஆனால் பாறுக் கழுகுகளின் கதையில் ஒரு மாநாட்டுக்கு இடம் இருக்கிறது.

1990-களில் ராஜஸ்தானின் பரத்பூரில் கழுகுகள் மரத்திலேயே தலை தொங்கிச் செத்து விழுவதைப் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் கவனித்து எழுதினார். வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. புது வைரஸ் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் குழு, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருப்பதைக் கண்டது. சிறுநீரகம் செயலிழந்த அடையாளம் அது. மாட்டுக்கு வலி நிவாரணியாகப் போடும் டைக்ளோஃபினாக் மருந்து, மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகைக் கொல்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இதை அவர்கள் வெளியில் சொன்னது 2003 மே மாதம் புடாபெஸ்ட்டில் நடந்த உலகக் கொன்றுண்ணிப் பறவைகள் மாநாட்டில். கட்டுரை அச்சில் வந்தது 2004-ல். அந்தச் சில மாதங்களில் இந்தியாவிலும் நேபாளத்திலும் இருந்தவர்கள் தங்கள் பறவைகளைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். மாற்று மருந்தாக மெலாக்ஸிகாம் பாதுகாப்பானது என்று தெரியவந்தது. 2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியா தடை செய்தது.

அதோடு முடியவில்லை. மனிதருக்கான டைக்ளோஃபினாக் ஊசி மருந்தின் பெரிய பாட்டில்களை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் ஒரு பாட்டிலின் அளவை 3 மில்லிக்குக் கட்டுப்படுத்தினார்கள். மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட, சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் அந்தக் கட்டுப்பாடு செல்லும் என்றது. 2023-ல் கழுகுகளுக்கு ஆபத்தான வேறு இரண்டு வலி நிவாரணிகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடை உபயோகத்துக்குத் தடையாயின. இன்று முதுமலையை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் பாறுகள் வட்டமிடுகின்றன என்றால், பிரேதப் பரிசோதனை செய்தவர், மாநாட்டில் எழுந்து சொன்னவர், மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கிய ஊர் ஆர்வலர், வழக்கை நடத்தியவர் என்று நீண்ட வரிசை அதற்குப் பின்னால் இருக்கிறது. மாநாடு அந்த வரிசையில் ஓர் ஆள்தான்.

வனத்துறைக்காரர்கள், பழங்குடியினர் வருவார்களா?

அதிகாரிகள் சிலர் வருவார்கள். காட்டில் நமக்கு வழிகாட்டி, எச்சம் பார்த்து விலங்கைச் சொல்லி, யானை வரும்போது சட்டையைப் பிடித்து இழுத்து நம் உயிரைக் காப்பாற்றுகிற இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் தோழர்கள் பெரும்பாலும் வருவதில்லை. இந்த மாநாடு என்றில்லை, எல்லா மாநாட்டுக்கும் இந்தக் குறை உண்டு. கடைசி ஸ்லைடில் பொடி எழுத்தில் நன்றி போடுவதோடு நிறுத்தாமல், பறவையை அடையாளம் கண்டதே அவர் என்றால் அவரை இணை ஆசிரியராகப் போடுங்கள். கைடு முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

‘சர்வதேச பல்லுயிர் மாநாடு’ என்று தினமும் மின்னஞ்சல் வருகிறது. எல்லாம் நிஜமா?

இல்லை, பலவும் காசு பறிப்பவை. சுருக்கம் அனுப்பிய மறுநாளே ‘ஏற்கப்பட்டது, பணம் கட்டவும்’ என்று வந்தால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். பல்லுயிர், பொறியியல், மேலாண்மை, செவிலியம் எல்லாம் ஒரே நாளில் ஒரே ஹோட்டலில் என்றால் விலகிவிடுங்கள். அமைப்புக் குழுவில் போட்டிருக்கும் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிக் கேளுங்கள். தன் பெயர் அதில் இருப்பதே தெரியாது என்று பதில் வருவதும் உண்டு.

சான்றிதழ் தருவார்களா? சாப்பாடு?

தருவார்கள். அதற்காக மட்டும் போவதாக இருந்தால் வேண்டாம். சாப்பாடு பற்றிய விவரம் பதிவுப் படிவத்திலேயே இருக்கும்.

வளாகத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

மரங்கள். சாயங்காலம் இருட்டிய பிறகு கொடுத்துவைத்திருந்தால் தேவாங்கு. பெங்களூரு நகரத்தின் நடுவே, இந்த வளாகத்து மரங்களில் தேவாங்கு இருக்கிறது. அதைப் பார்க்க நாம் கடவூர் மலைக்குப் போக வேண்டும். அங்கே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022-ல் தேவாங்குக்கென்றே சரணாலயமாக அறிவித்தார்கள். செல்போன் வெளிச்சத்தைக் கண்ணில் அடிக்காதீர்கள். சிவப்பு விளக்கு என்றால் அதற்குத் தொந்தரவு குறைவு.

எங்கள் கல்லூரியிலேயே இப்படி ஒன்று நடத்தலாமா?

தாராளமாக. ஆனால் அமைச்சரைக் கூப்பிட்டு, குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று காலை பதினொன்றரை வரை ஓட்டிவிட்டு மாணவருக்கு ஐந்து நிமிடம் கொடுப்பதாக இருந்தால் வேண்டாம். பெங்களூருவில் கவனிக்க வேண்டியது, மேடையில் மாணவர்கள்தான் அதிக நேரம் இருப்பார்கள். பெரியவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். இருபது மாணவர், ஒரு வகுப்பறை, ஒரு புரொஜெக்டர் இருந்தாலே ஒரு நாள் நடத்திவிடலாம். தமிழிலேயே நடத்துங்கள்.

போய்விட்டு வந்த பிறகு செய்ய வேண்டியது ஏதாவது?

அறிமுகமானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் இரண்டு வரி எழுதுங்கள், தள்ளிப்போட்டால் அவர்களுக்கு முகம் மறந்துவிடும். போஸ்டரை வீட்டுப் பரணில் போடாமல், ஆய்வு செய்த இடத்து ரேஞ்சர் அலுவலகத்துக்கோ ஊர்ப் பள்ளிக்கோ கொடுங்கள். கூடவே தமிழில் இரண்டு பக்கம்: என்ன பார்த்தீர்கள், எவ்வளவு இருந்தது, எது குறைந்திருக்கிறது. பஞ்சாயத்தில் பல்லுயிர் மேலாண்மைக் குழு பெயரளவிலாவது இருக்கும். ஊரின் உயிரினங்களைக் குறித்துவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி அந்த இரண்டு பக்கத்தின் ஒரு நகலை அவர்களிடமும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.